பெல்ட்டைக் கழற்றுங்கள்

பெல்ட்டைக் கழற்றுங்கள்.
ஆமாம், சரியாகத்தான் காதில் விழுந்தது.
தரையில் உயிரைப் பிடித்துவைக்கிற பட்டை
இங்கே உங்களைக் காரோடு சேர்த்துக்
கீழே கொண்டுபோய் விட்டுவிடும்.
கதவைப் பூட்ட வேண்டாம்.
கண்ணாடி நாலு விரல் இறங்கியிருக்கட்டும்.
குளிரும். குளிரட்டும்.

ஹெல்டர்மா கரை, தடைக்கம்பத்தின் இந்தப் பக்கம்.
விடிந்ததிலிருந்து இருட்டும்வரை
இதே பேச்சு எனக்கு.
காலையில் துளைபோட்டுப் பார்த்த அர்வெட்
இருபத்தெட்டு சென்டிமீட்டர் என்றான்.
அதற்குக் கீழே கடல்
தூங்கவெல்லாம் இல்லை.

வேகமா?
இருபத்தைந்துக்குள் ஊருங்கள்,
இல்லையென்றால் நாற்பதைத் தாண்டிவிடுங்கள்.
இடையில் மட்டும் வேண்டாம்.
முப்பதில் போகிறவனோடு
பனிக்கட்டிக்கு அடியில் ஒரு அலையும் கிளம்பும்.
அவன் வேகமே அதன் வேகம்.
முதுகை வளைத்து வளைத்து
கடைசியில் மேலே கிடக்கும் பாளத்தை முறித்துவிடும்.
நிதானமே பிரதானம் என்று வளர்ந்தவர்கள்
இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் இருநூற்றைம்பது மீட்டர்.
சொந்தக்காரராக இருந்தாலும்.

மூன்று நிமிடம் பொறுங்கள், அவர் போகட்டும்.
அதுவரை ஒன்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கல்யோவும் வீர்வேயும் வந்தார்கள்,
ஆளுக்கொரு காரில்.
அக்கரையில், ஹாப்சாலு கோர்ட்டில்
பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து.
தீவு முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாதா.
வீர்வேயை முதலில் விட்டேன்.
பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு
நாய் கல்யோவையே பார்த்தபடி போனது.
அவரைக் காக்கவைத்தேன்.
வைப்பரைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.
கண்ணாடியில் துடைக்க ஒன்றுமே இல்லை.

மூன்றாவது கிலோமீட்டரில்,
ஜூனிப்பர் கிளைகள் நட்டிருக்கும் வரிசையோரம்,
அவள் சிவப்பு ஓப்பல் நின்றுவிட்டது.
நிற்கக் கூடாது. அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.
பைனாகுலரை எடுத்தேன்.
கல்யோவின் வண்டி ஐம்பதிலிருந்து இறங்குகிறது,
அந்த முப்பதுக்குள் நுழைகிறது.
கிட்டே போகாதே, போகாதே மனுஷா என்று
தொண்டை கிழியக் கத்தினேன்.
கம்பத்தின்மேல் இருந்த காக்கை பறந்துபோனது,
அவ்வளவுதான்.

அவர் கிட்டே போகவில்லை.
தூரத்திலேயே நிறுத்தி
கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு
நடந்தார்.
இருநூற்றைம்பது மீட்டர் எவ்வளவு தூரம் என்று
பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பானெட்டைத் தூக்கினார். குனிந்தார்.
கையுறையைக் கழற்றி, எதையோ
வாய்க்கருகே வைத்து ஊதினார்.
வீர்வே இறங்கி நின்றாள்,
கையுறையை வாங்கி வைத்துக்கொண்டாள்.
பேசினார்களா, தெரியாது.
பைனாகுலரில் குரல் வராது.
புகை கக்கி ஓப்பல் நகர்ந்தது.
அதில் ஏறிக்கொள்ளாமல்
வந்த தூரத்தையே திரும்ப நடந்தார்,
ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டபடி.
கையுறை அவளிடமே போய்விட்டது போல.

இரண்டு வண்டியும் ஓரிடத்தில் நின்றிருந்தால்
இந்த வாரம் உங்களுக்குச் சாலையே இல்லை.

இருட்டுவதற்குள் திரும்பினார்கள்.
அதே வரிசை, அதே இடைவெளி.
நாய் மட்டும் இப்போது
கல்யோவின் முன்சீட்டில்,
முன்னால் போகிற சிவப்பைப் பார்த்தபடி.
கையெழுத்து ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை.
இரண்டரை டன்னுக்குள் இருக்கிறதா,
அது என் வேலை.
யார் எந்த வண்டியில் என்பதற்கு
என் நோட்டில் கட்டம் இல்லை.

சரி, மூன்று நிமிடம் ஆகிவிட்டது.
காற்று தெற்கே திரும்பியிருக்கிறது, கவனித்தீர்களா?
நாளைக் காலை அர்வெட் எத்தனை சொல்வானோ.
போங்கள்.
இருங்கள், அந்தக் கண்ணாடி.
இன்னும் கொஞ்சம்.